எல்லாப் படைகளுக்கும் ஒரு நாள் லீவு

உலக சமாதானத்துக்காக எங்கள் சபையில் என்னைப் போல் உருகி ஜெபித்த ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளுக்கு நடுவே ஆயரே எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சகோதரர், இந்த வயதில், எங்கோ இருக்கும் மக்களுக்காக இவ்வளவு பாரப்படுகிறார். வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்." வாலிபர்கள் போனைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் இருந்த டீச்சர் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்பது இந்தத் திருவனந்தபுரத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

என் பாரத்துக்குக் காரணமே டீச்சர்தான்.

அவர் அரசுப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. நானும் மனைவியைப் பறிகொடுத்தவன். ஒரே சபை, ஒரே தமிழ் ஆராதனை என்றாலும் நாங்கள் வருஷக்கணக்காக "ஸ்தோத்திரம் சார்", "ஸ்தோத்திரம் டீச்சர்" என்பதைத் தாண்டியதில்லை. தாண்டியது பென்ஷன் மஸ்டரிங் வரிசையில். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஓய்வூதியக்காரர்கள் நேரில் வந்து விரல் பதித்துக் காட்டும் வரிசை அது. எனக்கு முன்னால் நின்ற டீச்சரின் விரல்ரேகையை இயந்திரம் ஏற்க மறுத்தது. "சாக்பீஸ் பிடிச்சே தேஞ்சு போச்சு" என்றார். அப்படிப்பட்டவர்களுக்கு விதிகளில் இன்ன மாற்று வழி உண்டு என்று நான் எடுத்துச் சொல்ல, ஊழியர் அரைமனதாக ஒப்புக்கொள்ள, டீச்சர் அரசாங்கத்தின் பார்வையில் மறுபடியும் உயிர்பெற்றார். உயிரோடிருப்பதை நிரூபிக்கும் வரிசையில் காதல் வருவது நடைமுறைப்படி மிகச் சரியானது என்று நினைக்கிறேன். ஒரு சான்று மற்றொன்றை உறுதிசெய்கிறது.

டீச்சருக்கு ஒரே மகன். எண்ணெய்க் கப்பலில் எஞ்சினியர். அந்தக் கப்பல் ஒரு அரபுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பெயர் சொன்னால் நீங்கள் டி.வி.யில் பார்த்த ஊர்தான். உள்ளே போக அனுமதி இல்லை, திரும்பி வர வழி இல்லை. தலைக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஏவுகணைகள் போய்வந்துகொண்டிருந்தன. நெட் கிடைக்கும்போது மகன் கூப்பிடுவான். கிடைக்காத நாட்களில் டீச்சர் பஸ் ஏறி விழிஞ்ஞத்துக்குப் போய், புதுத் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு மத்தியானம் நானும் கூடப் போனேன்.

"அவன் கப்பல் இதுல பாதிதான் இருக்கும் சாரே" என்றார். "ஆனா ஹாரன் இப்படித்தான் அடிக்குமாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனதில் ஒரு குறிப்பு தயாராக இருந்தது. முன்வரலாறு, தற்போதைய நிலை, வேண்டுகோள் என்று முறையான வரிசையில். முன்வரலாற்றைத் திருவல்லத்துக்குள் முடித்தேன். தற்போதைய நிலையை ஒரு வளைவில் ஆடிக்கொண்டே சொன்னேன். வேண்டுகோளுக்கு வாயைத் திறந்தபோது கண்டக்டர் முதுகில் தட்டி, "எவிடெக்கா?" என்றார்.

"கிழக்கேகோட்டை. ரெண்டு" என்றேன்.

"ரெண்டு டிக்கெட் எடுக்கதுக்கா இவ்வளவு பெரிய பீடிகை?" என்றார் டீச்சர்.

"டிக்கெட் மட்டும் இல்லை டீச்சர். மிச்சத்துக்கும் ரெண்டு பேராப் போகலாமே என்று."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமோ என்று பயந்தேன். காது மடல் சிவந்திருந்தது. ஆற்றுக்கால் திருப்பம் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"மோன் அங்க நிக்கும்போ நான் இதுக்கு என்னத்தச் சொல்ல? சண்டை தீரட்டும் சாரே. அப்புறம் சொல்லுதேன்."

நிதித்துறையின் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்துக்காக, மந்திரிசபைக்காக, மந்திரியின் மாமனாருக்காகக் காத்துக்கிடந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். உலக சமாதானத்துக்காக நிலுவையில் போடப்பட்ட விண்ணப்பம் என் சர்வீஸில் இதுதான் முதல்.

அன்று முதல் நான் சமாதானத்தின் வெறிபிடித்த ஆதரவாளன். செய்தி தொடங்குமுன்பே டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். எதிரி நாட்டு மந்திரிகள் இரண்டு பேர் கைகுலுக்குவதைப் பார்த்து, யாருமில்லாத வீட்டில் தனியாகக் கைதட்டியிருக்கிறேன். மறுநாளே அவர்கள் குண்டுபோட்டபோது, அதை எனக்கு நேர்ந்த தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டேன். இதெல்லாம் அறுபத்தைந்தைத் தாண்டிய ஒருவனுக்கு அழகா என்று கேட்டால், இல்லைதான். கரமனை ஆற்றுப்பாலத்தில் காலை நடை போகும்போது சீட்டி அடிக்க ஆரம்பித்திருந்தேன். அதுவும் அழகில்லை.

பேச்சுவார்த்தைகள் எங்கும் போய்ச் சேராது என்று தெளிந்தபோது மேல்முறையீட்டுக்குப் போவது என்று முடிவுசெய்தேன். சபையில் சனிக்கிழமை தோறும் சமாதானத்துக்காகச் சங்கிலி ஜெபம் வைக்கலாம் என்று எழுதிக்கொடுத்தேன். சங்கிலி ஜெபம் என்பது எங்கள் மக்களிடையே புழக்கத்தில் உள்ளதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை உபவாசம் இருந்து, ஜெபம் அறுபடாமல் நடத்த வேண்டும். ஒருவர் தம் நேரத்துக்கு ஜெபித்து அடுத்தவரிடம் ஒப்படைப்பார், அவர் அதற்கடுத்தவரிடம். ஓட்டப் பந்தயத்தில் கட்டையைக் கைமாற்றுவது போல. கட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கமிட்டி கூடியது. சமாதானத்தைப் பற்றிப் பேசக் கூடிய அந்தக் கூட்டத்தில் நாற்காலி மட்டும்தான் பறக்கவில்லை. போன சபைத் தேர்தலிலிருந்து ஒருவரோடொருவர் பேசாத இரண்டு உறுப்பினர்கள், ஆயரை நடுவில் வைத்துக்கொண்டு, "அவர்கிட்டச் சொல்லுங்க ஐயா" என்று மாறி மாறிக் கத்தினார்கள். டீயோடு பருப்புவடை கொடுத்தால் அது உபவாசத்துக்கு விரோதமா என்பது பிரச்சினை. அது தீருமுன்னே, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர் எழுந்து நின்றார். எங்கள் கமிட்டியில் எதற்கும் ஒரு சந்தேகம் கேட்பவர் அவர்.

"சாரே, ஒரு டவுட். சமாதானம்னு சும்மா கேட்டா எப்படி? யாரு ஜெயிச்சு சமாதானம் வரணும்னு ஆண்டவர்கிட்டச் சொல்லண்டாமா?"

"யாரும் ஜெயிக்க வேண்டாம் சுபேதார்."

"அது நடக்காது சாரே. யாராவது ஒருத்தன் ஜெயிக்காம பட்டாளத்துல யாரும் வீட்டுக்கு விடமாட்டான். எனக்குத் தெரியும்லா."

ஆயர் அவசரமாகக் கண்களை மூடி முடிவு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கைமீறும்போது அதுதான் வழக்கமான நடைமுறை.

விதிகளை நான் வகுத்தேன். தூங்கிவிடாமல் இருக்க, சத்தமாகத்தான் ஜெபிக்க வேண்டும். ஜெப வேளையில் ஆலயத்துக்குள் ஜெபத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது. போன்களை வெளியே கோயில்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். கோயில்பிள்ளை என்றால் ஆலயத்தைத் திறந்து மூடி மணியடிப்பவர். அடுத்தவர் வந்து, இருவரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்ன பிறகே முந்தையவர் எழ வேண்டும். எதற்காக ஜெபிப்பது என்பதற்கும் ஒரு வரிசை போட்டேன். அதில் மாலுமிகள் முதலில் வந்தார்கள். பசித்த குழந்தைகளும் உலகத் தலைவர்களும் பின்னால்.

"ஜெபத்துக்கு இவ்வளவு விதி வேணுமா சார்?" என்றார் ஆயர்.

"விதி இல்லாமல்தான் ஐயா உலகம் இப்படி இருக்கிறது."

நேரப் பட்டியலில் எனக்கு அடுத்து டீச்சர் பெயர் வந்தது. டீச்சருக்கு அடுத்து சுபேதார். பட்டியல் போட்டவன் என்ற முறையில் இது தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

முதல் சில சனிக்கிழமைகள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். என் வேளையின் கடைசி நிமிஷங்களில் பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். சேலை உரசும். பக்கத்துப் பாயில் டீச்சர் முழங்காலிடுவார். எங்கள் இரண்டு குரலும் பரமண்டல ஜெபத்தில் சேர்ந்து நடக்கும். அவர் குரல் பள்ளிக்கூடத்துக் குரல், நிறுத்தங்களில் சரியாக நிற்கும். நான் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்வேன். அவர் வேண்டுமென்றே வேகமாகச் சொல்வார். முடிந்ததும் நான் எழுந்து, ஒருங்கிணைப்பாளர் என்ற சாக்கில் பின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். உலகத்தில் அவ்வளவு இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்கே சங்கடமாக இருக்கும். சங்கடம் டீ குடிக்கப் போவதற்குள் போய்விடும்.

அப்புறம் அந்த மழைச் சனிக்கிழமை வந்தது.

காலையில் தொடங்கிய மழை மத்தியானம் பேய்மழை ஆயிற்று. இந்த நகரத்தில் மழை பெய்தால் முதலில் மூழ்குவது தம்பானூர். சுபேதார் தம்பானூரைக் கடந்துதான் வரவேண்டும். நான் என் வேளையை முடித்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின் பெஞ்சில் இருந்தேன். டீச்சர் மாலுமிகளில் தொடங்கி, குழந்தைகளைக் கடந்து, தலைவர்களையும் அவர்களுக்குப் புத்திசொல்பவர்களையும் ஆயுதம் விற்பவர்களையும் முடித்து, பட்டியலின் கடைசிக்கு வந்துவிட்டார். சுபேதாரைக் காணவில்லை. கூரையில் மழை இரைந்தது.

"ஆண்டவரே, சுபேதார் சாரைச் சீக்கிரம் கொண்டுவாரும்" என்றார் டீச்சர்.

"ஆமென்" என்றேன் பின்னாலிருந்து.

அவர் மறுபடியும் மாலுமிகளிலிருந்து ஆரம்பித்தார். குரல் கம்மத் தொடங்கியது. பாதியில் ஒரு கனைப்பு.

"ஆண்டவரே, எனக்குத் தொண்டை போகுது. பின்னால ஒரு ஆள் சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கார். அவரை ஏவியருளும்."

ஏவப்பட்டேன். முன்னால் போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டேன். என் முழங்கால் போட்ட சத்தத்தை ஸ்தோத்திரம் என்று நினைத்து வராந்தாவிலிருந்து கோயில்பிள்ளை "அல்லேலூயா" என்றார்.

மாறி மாறி ஜெபித்தோம். சண்டை நடக்கும் நாடுகள் தீர்ந்தன. சண்டை வரப்போகும் நாடுகளும் தீர்ந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அமைதியான நாடுகளுக்கும் போனேன். அங்கேதான் வழுக்கியது. ஆப்பிரிக்காவின் நாடுகளை வரிசையாகச் சொல்லி வந்தவன், வேகத்தில் சூரினாமையும் சேர்த்துவிட்டேன்.

"ஆண்டவரே" என்று டீச்சர் குறுக்கிட்டார், கண்ணைத் திறக்காமலே. "சூரினாம் தென் அமெரிக்காவுல இருக்குன்னு உமக்குத் தெரியும். இந்த சார் சொன்னதுக்காக இடம் மாத்தாண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடக்கிய சிரிப்பு தோளுக்குப் போயிற்று. டீச்சரின் தோளும் குலுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சில் இருந்து வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளைப் போல, இரண்டு ஓய்வூதியக்காரர்கள் உலக சமாதானத்துக்கு நடுவில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் சங்கிலி அறுபடக் கூடாதே. டீச்சர்தான் முதலில் சுதாரித்தார்.

"ஆண்டவரே, இந்த ஏவுகணையை விடுறதுக்குன்னு ஒரு பையன் இருப்பான்லா, பட்டனை அமுக்குறதுக்கு. அவனுக்கு ஒரு தீங்கும் வராண்டாம். லேசா ஒரு வயித்துவலி வந்தாப் போதும். இன்னிக்கு ஒரு நாள் லீவு போடட்டும்."

இந்த இடத்தில் என் உள்ளிருந்த பழைய அதிகாரி துள்ளி எழுந்தான். நான் கேட்ட சமாதான ஜெபங்களிலேயே நடைமுறைக்கு ஒத்து வருவது அதுதான்.

"ஆண்டவரே, ஒரு பக்கத்துக்கு மட்டும் லீவு கொடுத்தால் பாரபட்சம் ஆகிவிடும். எல்லாப் படைகளுக்கும் ஒரே நாளில் காஷுவல் லீவு அனுமதித்தருளும். பீரங்கிக்காரர்களுக்கும் விமானிகளுக்கும். முன்அனுமதி பெறவில்லை என்று எந்த ஜெனரலும் மெமோ கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளும்."

"ஜெனரலுக்கும் லீவு குடும்" என்றார் டீச்சர்.

"அவருக்கு முதலில் குடும். அதையடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமையையும், அந்த நாட்டு விடுமுறைகள் எதுவோ அதையும் சேர்த்துக்கொள்ள அனுமதியும்."

"வீட்டுல சமையல் நல்லா இருக்கட்டும். திரும்பிப் போக மனசு வராதபடிக்கு."

"ஆமென்!" என்றது வராந்தா.

இப்போது யோசித்தால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தலை சுற்றியது என்று படுகிறது. மழை, பட்டினி, முழங்கால், பக்கத்தில் டீச்சர். உலகத்தின் எல்லா முகாம்களிலும் சிப்பாய்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதை நான் கண்ணால் கண்டேன். அந்தத் துணிச்சலில் வாய் தவறிவிட்டது.

"ஆண்டவரே, இதே சந்நிதியில் இன்னொரு விண்ணப்பமும் நிலுவையில் இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்தது. சண்டை தீரட்டும் என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சண்டை, எந்த அளவுக்குத் தீர்ந்தால் தீர்ந்ததாகக் கணக்கு என்று ஒரு விளக்கம் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

பக்கத்தில் சேலையை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"ஆண்டவரே" என்றார் டீச்சர். "சில பேர் உம்ம சந்நிதியில வந்தும் ஃபைல் தள்ளுதாங்க. மன்னியும்." பிறகு வந்த குரல் பள்ளிக்கூடத்துக் குரல் இல்லை. "நான் வேண்டாம்னு சொல்லல. உமக்குத் தெரியும். அந்த பஸ்லேருந்து இறங்கும்போ எனக்குக் காலே தரையில நிக்கல. வீட்டுக்கு வந்து கண்ணாடி பாத்தேன். எத்தனை காலம் ஆச்சு அப்படி நின்னு பாத்து. அன்னிக்கு ராத்திரிதான் அவன் கப்பலுக்குப் பக்கத்துல ஒரு கப்பல்ல தீப்பிடிச்சுதுன்னு சொன்னான். அதுக்குப் பிறகு எனக்குப் பயம் ஆண்டவரே. நான் இங்க சிரிச்சா அங்க அவனுக்கு என்னவாவது ஆயிருமோன்னு. அவன் அங்க நெருப்புக்கு நடுவுல நிக்கும்போ நான் இங்க புதுச் சேலை எடுக்கவா? இது மூட நம்பிக்கைதான். நான் அறுபது பிள்ளைக்கு முன்னால நின்னு கிரகணத்தை விளக்கினவ. ஆனா பயம் போகல்ல."

என் முறை. விதிப்படி நான் உடனே தொடர்ந்திருக்க வேண்டும். தலைவர்களுக்குப் புத்திசொல்ல எனக்குத் தெரியும், ஜெனரல்களுக்கு லீவு அனுமதிக்கத் தெரியும். ஒரு அம்மாவின் பயத்துக்கு எந்தப் பிரிவின்கீழ் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. சங்கிலி அறுந்துபோகிறதே என்று கோயில்பிள்ளைக்கு வெளியே பதற்றம். "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்று அவர் வராந்தாவிலிருந்து இட்டுநிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே" என்றேன் கடைசியில். "அந்தப் பையனைக் கரைசேர்த்தருளும். அவ்வளவுதான். பஸ்ஸில் கொடுத்த விண்ணப்பத்தை அதோடு சேர்க்க வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும். எத்தனை காலம் ஆனாலும் சரி, கிடக்கட்டும். இவ்வளவு நாள் நான் மாலுமிகளுக்காகக் கேட்டது எனக்காகத்தான் என்று உமக்குத் தெரியும். இன்றைக்கு எனக்காக இல்லை. அந்தக் கப்பலில் இருக்கிற எல்லோருக்காகவும் கேட்கிறேன். தீப்பிடித்த கப்பலில் இருந்தவர்களுக்காகவும். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் யாரோ இப்போது இதேபோல் முழங்காலில் இருப்பார்கள். அவர்கள் எந்தப் பெயர் சொல்லி உம்மைக் கூப்பிட்டாலும் கேளும்."

டீச்சர் "ஆமென்" என்றாரா, மூக்கை உறிஞ்சினாரா, தெரியவில்லை.

அப்போது வாசலில் கோயில்பிள்ளை வந்து நின்றார். கையில் ஒரு போன் மினுங்கி மினுங்கி அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெபத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது என்ற என் விதியை இந்தச் சபையில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். டீச்சருக்க போனு அடிக்குது ஆண்டவரே. ரெண்டாவது தடவை அடிக்குது. பையனுக்கப் படம் தெரியுது. என்ன செய்யணும்னு அடியேனுக்குத் தெரியப்படுத்தும்!"

டீச்சர் என்னைப் பார்த்தார். விதியைப் போட்டவன் நான்.

"ஆண்டவரே, அவசரச் சூழ்நிலையில் விதியைத் தளர்த்த ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு! டீச்சர் போகட்டும்! ஓடட்டும்!"

அவர் ஓடினார். முழங்கால் வலி என்று சிறப்புக் கூட்டங்களில் நாற்காலி கேட்கும் டீச்சர், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வாசற்படியிலேயே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். இப்போது முழுச் சங்கிலியும் என் ஒருவன் தொண்டையில் தொங்கியது. நிறுத்தவும் கூடாது, ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது. ஆகவே மிகச் சின்ன வாக்கியங்களாக ஜெபித்து, இடையில் நீளமாக மூச்சு வாங்கினேன்.

"பசிபிக் தீவுகளை நினைத்தருளும்" என்றேன். மூச்சு.

"மோனே! சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. நேத்து நெட் இல்ல. கப்பல் அங்கேயேதான் நிக்குது. எல்லாரும் நல்லா இருக்கோம். அங்க யாரும்மா கத்துறது?"

"இந்து மகா சமுத்திரத்தையும் நினைத்தருளும்." மூச்சு.

"கோயில்ல இருக்கேன் மக்கா. சமாதான ஜெபம்."

"ஜெபிக்கிறது யாரு? தொண்டை ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு சார்."

"எந்த சார்?"

"அட்லாண்டிக்..." என்றேன். அதற்கு மேல் மூச்சு வாங்கவும் மறந்துவிட்டது.

மழைக்கு நடுவே டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. "நான் கட்டிக்கப்போற சார்."

நான் ஜெபத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் கோயில்பிள்ளை உரத்த குரலில் பொறுப்பை எடுத்துக்கொண்டார்: "ஆண்டவரே, சாருக்குப் பெலன் தாரும்! சாரை விழாமக் காத்தருளும்! கைவிட்டிராதேயும்!"

லைன் போய்விட்டதோ, பையன் மயங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு ஸ்பீக்கர் வெடிப்பது போல ஒரு சிரிப்பு. ஒருவன் சிரிப்பு இல்லை, பக்கத்தில் இருந்த யாருக்கோ அவன் சொல்லி, அவர்களும் சிரிக்கும் சிரிப்பு. நங்கூரம் போட்ட ஒரு கப்பலின் எஞ்சின் அறை முழுக்கச் சிரித்தது.

"அம்மா, நிஜமாவா? அடிபொளி! எப்போ?"

"நீ வந்து இறங்கின பிறகுதான். நீ இல்லாம நடக்குமா?"

"சண்டை எப்போ தீரும்னு இங்க யாருக்கும் தெரியாதும்மா."

"அது தீரும்போ தீரட்டும். உங்கிட்டச் சொல்லாம இத்தனை நாளா வயித்துல வச்சிக்கிட்டு இருந்தேன் பாரு, அதுதான் எனக்குக் கனமா இருந்துது. இப்போ சொல்லியாச்சு. நீ பயப்படாம இரு. நானும் பயப்படல்ல."

லைன் அறுந்தது. டீச்சர் வந்து மறுபடியும் பாயில் முழங்காலிட்டார். முகத்தில் கண்ணீரா மழையா என்று நான் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடியிருந்தேன். நடைமுறை அதுதான்.

"ஆண்டவரே" என்றார் அவர். "இந்த சாருக்குக் கேட்டிருக்கும். கேக்கல்லன்னா நீரே சொல்லும். எனக்கு வெக்கமா இருக்கு."

"கேட்டுச்சு ஆண்டவரே" என்றேன்.

அதற்குள் வராந்தாவில் தொப்பென்று ஒரு சத்தம். சுபேதார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஒரு கையில் எலும்புக்கூடாகிவிட்ட குடையும் இன்னொரு கையில் செருப்புமாக, தம்பானூரை நீந்திக் கடந்து வந்திருந்தார். நேராக உள்ளே வந்து எங்களுக்குப் பின்னால் அட்டென்ஷனில் நின்று, பிறகு முழங்காலிட்டார்.

"ஆண்டவரே, தாமதத்துக்கு மன்னிப்பு. எங்கேயிருந்து தொடங்கணும்னு இந்த சார் மூலமா எனக்கு வெளிப்படுத்தும்."

உலகத்தில் எங்கே நிறுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

"ஆண்டவரே, அவர் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம்" என்றேன்.

மூவரும் பரமண்டல ஜெபம் சொன்னோம். வராந்தாவோடு நால்வர். சுபேதார் அணிவகுப்புக்கு உத்தரவிடும் குரலில் தொடங்க, நாங்கள் வெளியே வந்தோம். பேசத் தடையில்லாத இடத்துக்கு வந்ததும் இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாக விழுந்தது. டீச்சர் போனின் திரையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எனக்குப் பதற்றம் வந்தால் விதிமுறைதான் வரும்.

"மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும் டீச்சர்" என்றேன். "இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார் என்று சபையில் அறிவிக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால்..."

"யாரு ஆட்சேபிக்கப் போறா?"

"சுபேதார்."

"அவருக்கு எந்தா?"

"எதுவும் இல்லை. ஒரு டவுட் கேட்பார்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்தது நிற்கவில்லை. உள்ளே சுபேதாரின் குரல் சிரிப்பை மிஞ்ச உயர்ந்தது. அது உயர உயர இவர் சிரிப்பும் உயர்ந்தது. கோயில்பிள்ளை இரு பக்கமும் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் பொதுவாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"மழை விடும் வரைக்கும் நிற்கலாமா?" என்றேன், மூச்சு வந்த பிறகு.

"நிக்கண்டாம்" என்றார்.

கேட்டுக்கு வெளியே முழங்காலளவு தண்ணீர். அவர் தன் பையை என்னிடம் நீட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.